துர்கா எழுதிய பிறந்தநாள்கள்

விருத்தாசலத்தில் யார் என்றைக்குப் பிறந்தார்கள் என்று தெரிய வேண்டுமா? நகராட்சி ஆபீஸுக்குப் போய் வரிசையில் நிற்காதீர்கள். நேராகக் கடைத்தெருவுக்குப் போய், குருமூர்த்தியின் பேக்கரியில் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். ஓவனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் நடுவில், தலையில் வலைத்தொப்பி போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றுகொண்டிருப்பாள். பெயர் துர்கா. தாசில்தார் ஆபீஸ் கிளார்க்கின் இரண்டாவது பெண்ணுக்கு எந்தத் தேதி, ஜங்ஷன் ஆட்டோ ஸ்டாண்டு தலைவரின் பேரனுக்கு எந்தத் தேதி என்று யோசிக்காமல் சொல்வாள். பன்னிரண்டு வருஷமாக இந்த ஊர்க் கேக்குகளின் மேல் பெயர் எழுதுகிறவள் அவள்தான்.

அதற்கு முன்னால் பீங்கான் பொம்மைகளுக்குக் கண் எழுதிக்கொண்டிருந்தாள். ஒரு நாளைக்கு முந்நூறு ஜோடிக் கண். கிருஷ்ணனுக்கு ஒரு மாதிரி, குடிலில் வைக்கிற குழந்தை ஏசுவுக்கு ஒரு மாதிரி, செட்டியார் பொம்மைக்கு இன்னொரு மாதிரி. தரையில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போயிற்று. வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருந்தபோதுதான், பேக்கரியில் இருந்த கேக் மாஸ்டர் சொல்லாமல் கொள்ளாமல் பாண்டிச்சேரிக்குப் போய்விட்டான். அதுவும் டிசம்பர் கடைசியில். குருமூர்த்தி அப்போது சின்னப் பையன், கடையை அப்பாவிடமிருந்து வாங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அழாத குறையாக வந்து நின்றான்.

"பொம்மைக்குக் கண்ணே எழுதுறியேக்கா. கேக்குக்குப் பேரு எழுத மாட்டியா?"

எழுதினாள். மற்ற கடைக்காரர்கள் எல்லாம் இங்கிலீஷில் நாலு எழுத்தைச் சாய்த்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். துர்கா தமிழில் எழுதுவாள். கிரீமில் 'ஞா' எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும் அது என்ன பாடு என்று. அவள் கையில் அது கோலம் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும்.

வருஷம் முழுக்க அந்தக் கேக் மேஜை மேல்தான் அவளுக்குப் போகும். ஜனவரி முதல் தேதிக் கூட்டத்தை விடுங்கள், அது எல்லா ஊரிலும் உண்டு. பொங்கலுக்குக் கடை ஈ ஓட்டும். வெல்லம் தின்ற வாய் கிரீமைத் தேடாது. பிப்ரவரி பதினாலுக்குக் காலேஜ் பசங்கள் வந்து இதய வடிவக் கேக் கேட்பார்கள். பெயர் எழுதவா என்றால் முதல் எழுத்து மட்டும் போதும் என்பார்கள், பெட்டியை மூடுகிற வரை அதையும் கையால் மறைத்துக்கொள்வார்கள். மார்ச் எட்டு மகளிர் தினம். அன்றைக்கு ஆபீஸ் ஆபீஸாக ஆர்டர் வரும். ஊரிலுள்ள மகளிருக்கெல்லாம் மரியாதை செய்வதற்காக ஒரு பொம்பளை விடிந்ததிலிருந்து உட்காராமல் கிரீம் பிழிந்துகொண்டு நிற்பாள், நல்ல கூத்து! தலைவர்கள் பிறந்தநாளுக்குக் கரை வேட்டிகள் வரும். கொடியின் நிறம் ஒரு சொட்டுப் பிசகினாலும் கடை ரெண்டாகிவிடும். செப்டம்பரில் ஆசிரியர் தினம், நவம்பரில் குழந்தைகள் தினம், டிசம்பரில் ப்ளம் கேக்.

நடுநடுவே மங்கலம்பேட்டை ஆட்கள் துபாயிலிருந்தும் கத்தாரிலிருந்தும் வாட்ஸ்அப்பில் கூப்பிடுவார்கள். "யக்கா, நாளைக்கு எங்க கல்யாண நாளு. வூட்ல சொல்லாம கொண்டுபோய்க் குடுத்துடுங்க." உள்ளூரிலேயே இருக்கிற புருஷன்மார்கள் சாயங்காலம் ஏழு மணிக்கு மூச்சிரைக்க ஓடி வருவார்கள். "எதுனா ரெடியா இருக்கிறதுல எழுதிக் குடுங்க, சீக்கிரம்." மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவனுக்கு ஞாபகம் இருக்கிறது, பக்கத்தில் படுத்திருக்கிறவனுக்கு இல்லை என்று துர்கா தலையில் அடித்துக்கொள்வாள்.

மே, ஜூன் வந்தால் ஐம்பது வயதுக்காரர்களின் பிறந்தநாள்கள் வரிசை கட்டும். அந்தக் காலத்து வாத்தியார்கள் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாய்க்கு வந்த ஒரு தேதியைப் போட்டுவிட்டுப் போனதன் விளைவு. துர்காவுக்கும் மே மாதத்தில் ஒரு தேதி இருக்கிறது, அவள் புருஷன் திருமாலுக்கும் மே மாதத்தில் ஒரு தேதி இருக்கிறது. ரெண்டும் பொய். ஆதார் கார்டில் மட்டும் உண்மை.

இப்படி ஊரார் நாளெல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவளுக்குத் தன் சொந்தப் பேத்தி பிறந்த நாள் தெரியாது. பேத்தியின் பெயரும் தெரியாது.

காரணம் திருமால்தான். பீங்கான் கம்பெனியில் சூளை பார்க்கிறவர். ஆயிரத்து இருநூறு டிகிரியில் எரிகிற சூளையை எப்போது ஏற்ற வேண்டும், எப்போது இறக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். தன் கோபத்தை இறக்க மட்டும் தெரியாது. இரண்டரை வருஷத்துக்கு முன் மகள் சிவசங்கரி, நெய்வேலியில் தன்னோடு லேபில் வேலை பார்த்த பிரபாகரனை ரிஜிஸ்டர் ஆபீஸில் கல்யாணம் பண்ணிக்கொண்டாள். பையன் கம்மாபுரம். வேறு ஜாதி. நல்ல பையன் என்று எதிரிகூடச் சொல்வான், ஆனால் வேறு ஜாதி. திருமால் வாசலில் நின்று தெருவே கேட்கக் கத்தினார்.

"இனிமே அவ பேர இந்த வூட்ல எவனும் எடுக்கக் கூடாது. அவ மூஞ்சில முழிக்க மாட்டேன். அவகிட்ட ஒரு வார்த்த பேச மாட்டேன். எங்கம்மா மேல சத்தியம்!"

அவர் அம்மா அதற்கு மூன்று வருஷத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார். செத்துப்போனவர் மேல் செய்த சத்தியத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது? திருமால் அம்மா பிள்ளை. அம்மாவை விட்டு ஒரு வாய் காப்பி குடித்தவரில்லை. அதனால் அந்தச் சத்தியம் அசையவே இல்லை. துர்கா மகளின் நம்பரைப் போனிலிருந்து அழித்தாள். புருஷனுக்குப் பயந்து அழித்தாளா, இல்லை அந்த மனுஷன் ராத்திரியெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பதைப் பார்த்து மனசு கேட்காமல் அழித்தாளா, அவளுக்கே தெரியவில்லை. மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் பிராது எழுதிக் கட்டினால் சாமி நியாயம் கேட்கும் என்பார்கள். பிராதை யார் மேல் கட்டுவது? புருஷன் மேலா, மகள் மேலா? பேப்பரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுதாமல் திரும்பி வந்தாள்.

போன வருஷம் மாசி மகத்துக் கூட்டத்தில் கம்மாபுரத்து அன்பரசி கேக் வாங்க வந்தாள். "உம் பொண்ணுக்குப் பொம்பளப் புள்ள பொறந்துருக்குது, தெரியுமா? இந்த மாசந்தான்" என்றாள். அவ்வளவுதான் சேதி. மேற்கொண்டு கேட்பதற்குள் பஸ் வந்துவிட்டது.

இந்த வருஷம் மாசி பிறந்ததிலிருந்து துர்காவுக்குக் கை நிலைகொள்ளவில்லை. பெண் குழந்தைக்கு ஒண்ணாவது பிறந்தநாள் என்று சீட்டு வந்தால் போதும், முதலில் பெயரைப் பார்ப்பாள், அப்புறம் ஊரைப் பார்ப்பாள். இந்தக் காலத்துக் குழந்தைகளின் பெயர்கள் அவள் வாயில் நுழையாது, கிரீமில்தான் நுழையும். ஒவ்வொரு பெயரையும் எழுதும்போது, இதுவாக இருக்குமோ என்று ஒரு நினைப்பு. ஒன்றும் கம்மாபுரம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குருமூர்த்தி எழுதி வைத்த சீட்டு ஒன்று கைக்கு வந்தது. 'ராஜாம்பாள் – 1. ஒரு கிலோ, வெனிலா. ஞாயிறு காலை 8.' கீழே ஒரு போன் நம்பர், அவ்வளவுதான்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் மாமியார் பெயர் அது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதில்லை; மாமியார் பெயரை எந்த மருமகள் சொல்வாள்? அடுத்து எரிச்சல் வந்தது. ராஜாம்பாள் என்ற பெயருக்கு எழுபதுக்குக் கீழே வயது கிடையாது. இந்தக் குருமூர்த்தி ஒரு நம்பரை விட்டுத் தொலைத்திருக்கிறான். போன தையில் இப்படித்தான் ஒரு பெரியவரின் எண்பதுக்கு வெறும் எட்டு என்று எழுதிக் கொடுத்ததில், அந்த மனுஷன் கேக்கைப் பார்த்துவிட்டுப் பேரப்பிள்ளைகளோடு நாள் முழுக்கச் சண்டை போட்டார்.

கடைப் போனை எடுத்து நம்பரைப் போட்டாள்.

"வணக்கம்ங்க, பேக்கரிலேர்ந்து பேசுறேன். ஞாயித்துக்கெழம கேக்கு சொல்லியிருந்தீங்க இல்ல? பாட்டிக்கு எத்தினியாவது பொறந்தநாளுங்க? சீட்டுல வெறும் ஒண்ணுன்னு இருக்குது. எழுபத்தொண்ணா, எண்பத்தொண்ணா?"

அந்தப் பக்கம் ஒரு குழந்தை எதையோ தட்டுகிற ஓசை மட்டும் கேட்டது.

"ஒண்ணுதாம்மா" என்றது குரல்.

அந்தக் குரலைத் துர்காவுக்குத் தெரியாதா? சிவசங்கரி.

"அம்மா, வெச்சிடாத. நாந்தான் அவர உங்க கடையில சொல்லச் சொன்னேன். எம் பொண்ணு பேர நீதான் எழுதணும்னு."

"இந்தப் பேரையாடி வெச்ச?"

"எம் மாமியார்கூடக் கேட்டாங்க, ஏம்மா இவ்ளோ பழைய பேருன்னு. எங்க ஆயா பேருங்க, வெச்சே ஆவணும்னு சொல்லிட்டேன். வூட்ல ராஜின்னு கூப்புடுறோம்." மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, ஞாயித்துக்கெழமயே கொளஞ்சியப்பர் கோயில்ல மொட்ட போட்டு, காது குத்துறோம். தாய்மாமன் மடி வேணும்னு எல்லாரும் கேக்குறாங்க. பிரவீன் வர மாட்டான்னு தெரியும். அவரு கூட்டாளி ஒருத்தர மாமன் மொறைக்கு உக்காத்தி வெக்கலாம்னு இருக்குது."

துர்காவுக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வேளை சோறு போட்டு வளர்த்த மகன், குத்துக்கல்லாட்டம் இருக்கிறான். அவன் இருக்கும்போது யாரோ ஒரு கூட்டாளியின் மடியா?

பிரவீன்குமார் சென்னைப் பக்கம் ஒரு கார் கம்பெனியில் வேலை பார்க்கிறான். உடனே அவனுக்குப் போன் போட்டாள். அவன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டான்.

"அப்பா சரின்னு சொன்னா அடுத்த பஸ்ஸுலயே ஏறிடுறேம்மா. அப்பாவுக்குத் தெரியாம வந்து உக்காந்தேன்னு வெச்சிக்க, அப்புறம் நம்ம வூட்டுக்கு நான் எந்த மூஞ்சியோட வர்றது? நீ சொல்லு."

ஆக, எல்லாம் சுற்றிச் சுற்றிச் சூளைக்காரரிடமே வந்து நின்றது.

சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது திருமால் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். துர்கா பையைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"ஏங்க, இன்னிக்கு ஒரு கேக்கு ஆர்டர் வந்துச்சு."

"அதான் தெனம் வருதே."

"அத்த பேருல வந்துருக்குது."

"எந்த அத்த?"

"எனக்கு எத்தினி அத்த? உங்க அம்மா பேருலதான்."

"ஊருல அந்தப் பேருல நூறு கெழவிங்க இருக்கும்."

"கெழவி இல்லீங்க. ஒரு வயசுப் பொண்ணு. கம்மாபுரம்."

டம்ளர் வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது. இத்தோடு நிறுத்தினால் எப்போதும் பேச முடியாது என்று துர்காவுக்குத் தெரியும். இருபத்தேழு வருஷக் குடித்தனத்தில் அவள் அவ்வளவு நீளமாகப் பேசியதில்லை.

"உங்க பொண்ணு பேர எடுக்கக் கூடாதுன்னீங்க, எடுக்கல. இந்தப் பேரையும் எடுக்கக் கூடாதுன்னு சொல்லுவீங்களா? ஞாயித்துக்கெழம காது குத்துறாங்களாம். நம்ம புள்ள கல்லாட்டம் இருக்கான், எவனோ ஒருத்தன் மடில உக்காத்தி வெச்சிக் குத்தப் போறாங்க, உங்க அம்மா பேர வெச்ச புள்ளைய. அது சரியா? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, போதும்."

"சத்தியம் பண்ணியிருக்கேன்" என்றார் திருமால். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டார். துர்கா அடுப்படிக் குழாயைத் திறந்து விட்டுவிட்டு, அந்தத் தண்ணீர்ச் சத்தத்தில் அழுது தீர்த்தாள்.

சனிக்கிழமையும் அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஷிப்டுக்குப் போனார், வந்தார், சாப்பிட்டார். துர்காவும் கேட்கவில்லை. போகட்டும், கேக்காவது தன் கையால் போகிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே பேக்கரிக்குப் போய்விட்டாள். வெள்ளைக் கிரீமை வழித்துச் சமன் செய்து, ஓரத்தில் இளஞ்சிவப்பில் பூ வைத்தாள். பெயர் எழுதக் கிரீம் கோனை எடுத்தாள். வாயால் சொல்லக் கூடாத பெயர். வாயில் வராததைக் கையில் எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் மனசுக்குள் 'அத்த, நீதான் பாத்துக்கணும்' என்று சொல்லிக்கொண்டாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோது முந்தானையால் முகத்தைத் துடைக்க வேண்டியிருந்தது.

முன்பக்கம் குருமூர்த்தியின் குரல் கேட்டது. "வாங்க மாமா! என்னா காலங்காத்தால?"

திருமால் நின்றுகொண்டிருந்தார். வெளுத்த வேட்டி, சட்டை, நெற்றியில் விபூதி. குருமூர்த்தியிடம் ஒன்றும் சொல்லாமல் நேராக உள்ளே வந்து கேக்கைக் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"எங்கம்மா எந்த நாள்ல பொறந்துச்சுன்னு யாருக்கும் தெரியாதுடி" என்றார். "செத்த நாளு மட்டுந்தான் தெரியும். வருசா வருசம் ஐப்பசில அந்தத் திதியத்தான் கும்புட்டுக்கிட்டு இருக்கறேன். ஒரு நாளும் அதுக்கு நான் ஒரு முட்டாயிகூட வாங்கிக் குடுத்து, இன்னிக்கு நீ பொறந்த நாளுன்னு சொன்னதில்ல."

துர்கா கேக்கைப் பெட்டியில் வைத்து மூடினாள். அவர் வாசல் பக்கம் கையைக் காட்டினார்.

"பிரவீன் வெளிய நிக்கிறான்."

"நீங்களா கூப்ட்டீங்க?"

"பின்ன அவன் கம்பெனிக்காரனா கூப்ட்டான்? நேத்து மத்தியானம் சொன்னேன்." உடனே விரலை நீட்டினார். "ஆனா ஒண்ணு சொல்லிட்டேன். நான் புள்ளைக்குத்தான் வரேன், அவளுக்கில்ல. அவகிட்ட பேச மாட்டேன். சத்தியம் சத்தியந்தான்."

"சரிங்க" என்றாள் துர்கா. தலைகீழாக நடந்து வருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் சரிங்க என்றுதான் சொல்லியிருப்பாள். கேக்கை வாங்கக் கம்மாபுரத்திலிருந்து யாராவது வந்தால் அது கோயிலுக்கே போய்விட்டது என்று சொல்லும்படி குருமூர்த்தியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்கள். ஆட்டோவில் பெட்டி துர்காவின் மடியில் இருந்தது. வழியெல்லாம் திருமால் டிரைவரை ஒரு பாடு படுத்திவிட்டார். "மெதுவாப் போப்பா, கேக்கு இருக்குது. பள்ளத்தப் பாத்துப் போப்பா."

கொளஞ்சியப்பர் கோயிலில் மரத்தடியில் சிவசங்கரி, மொட்டையடித்துச் சந்தனம் பூசிய குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். முதலில் தம்பியைப் பார்த்தாள். பிறகு அம்மாவை. பிறகு பின்னால் வந்த அப்பாவைப் பார்த்ததும் குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிரபாகரன் ஓடி வந்து துர்காவின் கையிலிருந்து பெட்டியை வாங்கிக்கொண்டு, "வாங்கத்த, வாங்க மாமா" என்று திக்கினான். திருமால் யாரையும் பார்க்காமல் விறுவிறுவென்று அர்ச்சனைக் கடைக்குப் போய்விட்டார்.

துர்கா பேத்தியை வாங்கினாள். நல்ல கனம். சந்தனமும் பாலும் கலந்த வாசனை. குழந்தை அவள் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தது. "அடி என் தங்கமே" என்றாள்.

பிரவீன்குமார் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். குழந்தையை அவன் மடியில் வைத்தார்கள். ஆசாரி ஒரு காதைக் குத்தியதும் அது ஊரைக் கூட்டியது. மறு காதைக் குத்தியபோது குழந்தையைவிட மாமன்தான் அதிகமாக அழுதான். பிரபாகரனின் அம்மா அவன் வாயில் சர்க்கரையைப் போட்டுவிட்டாள்.

அப்புறம் எல்லாரும் சந்நிதிக்குப் போனார்கள். திருமால் அர்ச்சனைத் தட்டோடு முன்னாடியே போய் நின்றிருந்தார். குருக்கள் தட்டை வாங்கிக்கொண்டார்.

"பேரு சொல்லுங்க."

"ராஜாம்பாள்." குரல் கணீரென்று வந்தது.

"நட்சத்திரம்?"

திருமால் வாயைத் திறந்தார், மூடினார். பின்னால் கூட்டம் நெருக்கியது; பிரபாகரனும் அவன் அம்மாவும் அதில் பின்தங்கிவிட்டார்கள். "நட்சத்திரத்தச் சொல்லுங்க, ஆளுங்க காத்திருக்காங்க" என்றார் குருக்கள்.

துர்காவுக்கும் தெரியாது. மகளைப் பார்த்தாள். சிவசங்கரி அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்; பதில் அவள் உதட்டில் நின்றது, ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. துர்கா கேட்டு வாங்கிப் புருஷனிடம் சொல்லியிருக்கலாம். பிரவீனும் அதற்குத்தான் வாயெடுத்தான். துர்கா அவன் கையை நறுக்கென்று கிள்ளினாள்.

திருமால் திரும்பினார். இரண்டரை வருஷத்துக்கு அப்புறம் மகளின் முகத்தைப் பார்த்தார். இளைத்திருந்தாள்.

"என்ன நட்சத்திரம்மா?" என்றார்.

"அஸ்தம்ப்பா."

அவர் குருக்கள் பக்கம் திரும்பிச் சொன்னார். குரல் பாதிதான் வந்தது. குருக்கள் இன்னொரு தடவை கேட்டு வாங்கிக்கொண்டார்.